டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ரப்பர் குழாய் மாட்டிய அந்த உருண்டை டப்பா

அது வேக்குவம் மாடுலேட்டர். உங்கள் பழைய ஷெவர்லேயில் கியர்பாக்ஸின் வலது பக்கம், பின்புறமாக இருப்பது அதேதான். இஞ்சின் எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்பதை இன்டேக் மேனிஃபோல்டின் (இஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) உறிஞ்சு அழுத்தம் வழியாக அறிந்து, கியர் மாறும் நேரத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் அதற்கேற்ப மாற்றும்.

வெளியே ஒழுகவே இல்லை, ஆனாலும் கியர்பாக்ஸ் எண்ணெய் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது என்கிறீர்களே, அநேகமாக அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். அந்த ஓட்டை வழியாக கியர்பாக்ஸ் எண்ணெயை இஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது.

இஞ்சின் ஆறியதும் டப்பாவிலிருந்து குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் சவ்வு போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். காய்ந்திருந்தால், இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு குழாய் முனையில் விரலை வையுங்கள். நன்றாக இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் குழாயில் விரிசலோ அடைப்போ இருக்கிறது. கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக விழுவதற்கு அதுவே போதும்.

மாடுலேட்டரை மாற்றுவது சுலபம், ஒரே போல்ட்தான். ஆனால் கழற்றும்போது பின்னால் இருக்கும் சின்ன வால்வு நழுவி விழலாம், கவனம். அப்புறம், குழாய் காய்ந்திருந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், புகைக்குக் காரணம் பழுதான ஹெட் கேஸ்கெட்டாக (இஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) இருக்கலாம்.