சம்பளம் என்ற சொல் மட்டும் இல்லை

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரங்கள்) மெஷின் ஷாப்பில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். 46 பேர். இரண்டு 12 மணி நேர ஷிப்டை அடுத்த மாதம் முதல் மூன்று 8 மணி நேர ஷிப்டாக மாற்றுகிறோம். வாட்ஸ்அப்பில் போட்டேன், மீட்டிங் வைத்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே போய் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். இவர்களை எப்படி ஒரு வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: நீங்கள் இணைத்திருந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்தேன். ரிஜெக்‌ஷன் குறையும், கஸ்டமர் ஆடிட்டில் நல்ல பெயர் வரும், எல்லாம் இருக்கிறது. சம்பளம் என்ற சொல் மட்டும் இல்லை. வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். தாசரஹள்ளியில் அறை எடுத்துத் தங்கி ஊருக்குப் பணம் அனுப்புகிறவர், 8 மணி நேர ஷிப்டில் இந்த ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) போய்விடுமா என்றுதான் முதலில் கணக்குப் போடுவார். நீங்கள் சொல்லாததை டீக்கடை சொல்லிவிட்டது.

மறுபடி மீட்டிங் வேண்டாம். முதலில் சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஓ.டி. உண்டா? யாருக்கு எந்த ஷிப்ட் என்று முடிவு செய்வது யார்? யாரையாவது நிறுத்துவார்களா? ஒருவரையொருவர் கேட்காமல் எழுதட்டும். எல்லாத் தாளிலும் ஒரே பதில் இருந்தால் என்னைத் திட்டிக் கடிதம் போடுங்கள். ஒரு பேக்கிங் யூனிட்டில் நான் இதைச் செய்தபோது, ஒருவர் மூன்றுக்கும் ‘மேனேஜரைக் கேட்கவும்’ என்று எழுதியிருந்தார். மேனேஜர் நான்தான். எனக்கும் பதில் தெரியாது.

அப்புறம் முதலாளியிடம் போங்கள். ஓ.டி. இழப்புக்கு ஷிப்ட் அலவன்ஸா, அடிப்படைச் சம்பளத்தில் உயர்வா, ஒன்றுமே இல்லையா? ஒன்றுமில்லை என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். சிலர் வேலையை விட்டுப் போவார்கள்தான். மூடி மறைத்தால் முதல் சம்பள நாளன்று போவார்கள். ஓர் ஆபரேட்டரின் சம்மதத்தோடு, பெயரை மறைத்து, போன மாத பே ஸ்லிப்பை போர்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் புதுக் கணக்கை எழுதுங்கள். இன்னும் முடிவாகாததற்கு எதிரே, எந்தத் தேதியில் முடிவாகும் என்று போடுங்கள்.

ஒன்று கவனம். நம்மாட்களைத் தனியாகக் கூப்பிட்டுத் தமிழில் விளக்காதீர்கள். ‘தமிழ் மேனேஜர் தமிழர்களுக்கு மட்டும் ஏதோ சொல்லிவிட்டார்’ என்று மறுநாளே கிளம்பும். கன்னடம், இந்தி, தமிழ் மூன்றிலும் ஒரே நேரத்தில், ஒரே போர்டில் இருக்கட்டும்.

ஷிப்ட் முறையை மாற்ற 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்று தொழில் உறவுச் சட்டம் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. தராமல் இருந்தால், அடுத்த மாதத் தேதியை இன்றே தள்ளிப்போட்டு அதையும் போர்டில் எழுதிவிடுங்கள்.