சார்லாவிலிருந்து ரொக்காமதூருக்கு: கியரும் பாதையும்

வணக்கம். பிரான்ஸின் தென்மேற்கிலுள்ள சார்லாவிலிருந்து ரொக்காமதூர் வரை 15 கிலோ சுமையுடன், முன்புறம் 34, பின்புறம் 28 பற்கள் கொண்ட கியர்ச் சக்கரங்கள் உள்ள சைக்கிளில் ஏற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் முழங்கால் வலிக்கும். அந்தக் கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நகர்வதால், 8 சதவீத ஏற்றத்தில் சுமையோடு எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். முன்புறம் 30, பின்புறம் 36 என்று மாற்றினால் அது 1.75 மீட்டராகக் குறைந்து, உட்கார்ந்தபடியே நிதானமாக ஏறலாம். செலவு செய்வதென்றால் முதலில் இதற்கே செய்யுங்கள். பின்புறத்தில் சங்கிலியை மாற்றும் டிரெய்லியர் 36 பற்களைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சார்லாவிலிருந்து சூயாக் பக்கம் செல்லும் பழைய ரயில் தடம் இப்போது சைக்கிள் பாதையாகிவிட்டதால், முதல் நாள் கால்கள் பழக அதுவே போதும். 1281இல் நிறுவப்பட்ட கோட்டை ஊரான தொம், தொர்தோன் ஆற்றுக்கு மேலே செங்குத்தான குன்றில் இருக்கிறது. பைகளைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு வெறும் வண்டியில் ஏறுங்கள், மேலிருந்து ஆற்றின் வளைவைப் பார்ப்பதற்காகவே ஏறலாம்.

லகாவ் ஊரில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் சாலை சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. அங்கே மழைநீர் பாறைக்குள் இறங்கிவிடுவதால் ஓடைகள் அரிது, நிழலும் குறைவு. ரொக்காமதூரில் பாறை விளிம்பின் மேலுள்ள லோஸ்பித்தாலே பகுதியில் தங்கினால், செங்குத்தில் ஒட்டிய ஊரையும் கோயில்களையும் நடந்தே இறங்கிப் பார்க்கலாம். சிற்றூர்க் கடைகள் பல மதியத்திலும் திங்கட்கிழமையும் மூடியிருக்கும் என்பதால், ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.