கேளுங்க சொல்றோம்: சாஃப்ட்வேர் வாங்கியாச்சு, லாபம் எங்க?

கேள்வி: போட்டிக் கம்பெனிக்காரங்க எல்லாரும் போட்டுட்டாங்கன்னு நாங்களும் கடன் வாங்கி பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டோம். ரெண்டு வருஷம் ஆச்சு. ஸ்கிரீன்ல கலர் கலரா கிராஃப் வருது, லாபம் மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. எங்க தப்பு பண்ணோம்?

பதில்: நீங்க தனியா இல்லங்க. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்குன ராபர்ட் சோலோவே 1987-ல இதைத்தான் சொன்னாரு, கம்ப்யூட்டர் எங்க பார்த்தாலும் இருக்கு, உற்பத்தித்திறன் கணக்குல மட்டும் காணோமேன்னு. அதுக்கு பால் டேவிட்ங்கற பொருளாதார வரலாற்று அறிஞர் 1990-ல ஒரு விளக்கம் குடுத்தாரு, எனக்கு ரொம்பப் புடிச்ச விளக்கம். எடிசன் நியூயார்க்ல கரண்ட் சப்ளை ஆரம்பிச்சது 1882. ஆனா 1900 வந்தும் அமெரிக்க ஃபேக்டரிகள்ல மெஷின் ஓட்டுற சக்தில 5 சதவீதம் கூட கரண்ட் கிடையாது. பழைய ஃபேக்டரில ஒரே ஒரு பெரிய நீராவி இஞ்சின் இருக்கும், அது கூரைக்குக் கீழ நீளமா ஒரு இரும்புத் தண்டைச் சுத்தும், அந்தத் தண்டுலேருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் தொங்கும். கரண்ட் வந்ததும் நிறைய முதலாளிங்க என்ன பண்ணாங்கன்னா, நீராவி இஞ்சினைத் தூக்கிட்டு அதே இடத்துல ஒரு பெரிய மோட்டாரை வெச்சாங்க, தண்டும் பெல்ட்டும் அப்படியே! ஒரு மெஷினை மட்டும் ஓட்டணும்னாலும் மொத்தத் தண்டும் சுத்தியாகணும். ரொம்ப வருஷம் கழிச்சுதான் மெஷினுக்கு ஒரு சின்ன மோட்டார்னு மாத்தி, தண்டைக் கழட்டிப் போட்டு, வேலை எந்த வரிசைல நகருதோ அந்த வரிசைல மெஷினை அடுக்குனாங்க, 1920-கள்லதான் உற்பத்தி சரசரன்னு ஏறுச்சு.

உங்க ஆபீஸ்ல பெல்ட் எங்க தொங்குதுன்னு ஒரு நாள் சும்மா நின்னு பாருங்க. ஆர்டர் சாஃப்ட்வேர்ல வருது, அதை ஒருத்தர் பிரிண்ட் எடுக்கறாரு, மூணு பேரு கையெழுத்து போடறாங்க, நாலாவது ஆளு அதையே திரும்ப எக்செல்ல அடிக்கறாருன்னா நீங்க இஞ்சினை மட்டும்தான் மாத்தியிருக்கீங்க. இன்னொண்ணும் இருக்கு. போட்டிக்காரர்கிட்டயும் அதே சாஃப்ட்வேர்தானே? அப்ப ரெண்டு பேருக்கும் மிச்சமாகுற செலவு விலைக்குறைப்பா கஸ்டமர் கைக்குப் போயிடும், உங்க கல்லாவுல நிக்காது.

கேள்வி: புது டெக்னாலஜி தெரியாமதானே ஃபிலிம் ரோல் கம்பெனி கோடக் அழிஞ்சுது?

பதில்: எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, ஆனா கதை வேற. முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல செஞ்சதே கோடக் இஞ்சினியர் ஸ்டீவ் சாசன்தான். மூணரை கிலோவுக்கு மேல வெயிட், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் டேப்ல ஏத்த 23 செகண்ட். 2005-ல அமெரிக்காவுல டிஜிட்டல் கேமரா விற்பனைல கோடக்தான் முதலிடம், தெரியுமா? சிக்கல் என்னன்னா அவங்க சம்பாத்தியம் கேமராவுல இல்ல, ஃபிலிம், பேப்பர், கெமிக்கல்னு திரும்பத் திரும்ப வாங்க வெச்சதுலதான் இருந்துச்சு, டிஜிட்டல்ல அந்த ரெண்டாவது வியாபாரமே கிடையாது. 2012 ஜனவரில திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க.

இதே அடி ஜப்பான் ஃபிலிம் கம்பெனியான ஃபியூஜிஃபிலிமுக்கும் விழுந்துச்சு. ஆனா அவங்க கேட்ட கேள்வி வேற, ஃபிலிம் போச்சு, சரி, ஃபிலிம் செய்யத் தெரிஞ்ச நமக்கு வேற என்ன தெரியும்? ஃபிலிம்ல கொலாஜன் இருக்கு, தோல்லயும் கொலாஜன் இருக்கு, அதனால 2006-07 வாக்குல ஸ்கின் க்ரீம் விக்க ஆரம்பிச்சாங்க. எல்சிடி ஸ்கிரீனுக்குள்ள போடற மெல்லிசான ஃபிலிமும் அவங்க பழைய கைவேலைதான், அதுல நல்லாவே சம்பாதிச்சாங்க. போட்டோக் கம்பெனி முகத்துக்குப் பூசற க்ரீம் விக்குதுன்னு கேக்கறப்ப சிரிப்பு வரும், கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

கேள்வி: முன்னாடி வாரி வாரி இலவசமா குடுத்த ஆப் கம்பெனிங்க எல்லாம் திடீர்னு கட்டணம், விளம்பரம், ஆள்குறைப்புன்னு எறங்கிட்டாங்களே, பேராசையா?

பதில்: பேராசை முன்னாடியும் இருந்துச்சுங்க, வட்டிதான் மாறுச்சு. பத்து வருஷம் கழிச்சு வரப்போற 100-க்கு இன்னிக்கு என்ன மதிப்பு? வட்டி 1 சதவீதம்னா கிட்டத்தட்ட 90 (இன்னிக்கு 90 போட்டு வெச்சா அப்ப 100 ஆயிடும்), வட்டி 6 சதவீதம்னா 56 தான். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்ல பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை ஏத்த ஆரம்பிச்சு 2023 ஜூலைல 5.25-5.5 சதவீதத்துக்குக் கொண்டு போயிடுச்சு. அப்ப இன்னிக்கு நஷ்டப்பட்டு கூட்டம் சேர்ப்போம், லாபம் அப்புறம் பாத்துக்கலாம்ங்கற வியூகம் ஒரே வருஷத்துல பாதி செத்துப்போச்சு, ஆப்போட புரோகிராம்ல ஒரு வரி கூட மாறாமயே. நெட்ஃபிளிக்ஸுக்கு 2022 முதல் ஆறு மாசத்துல சந்தாதாரர்கள் குறையவும் செஞ்சாங்க, அந்த நவம்பர்லயே விளம்பரத்தோட வர்ற மலிவு பிளான், அடுத்த வருஷம் பாஸ்வேர்ட் பகிர்றதுக்குக் கெடுபிடி. அதனால வியாபாரத் திட்டம் போடறப்ப ஐடி ஆளைக் கூப்பிடறீங்களே, வட்டியைப் பத்திப் பேசற ஆளையும் அதே ரூம்ல உக்கார வைங்க.

கேள்வி: ஸ்டாக் வெக்காம தேவைக்கு மட்டும் வாங்கற டொயோட்டா முறை இனி உதவாதா?

பதில்: டொயோட்டாவே அதைக் கண்ணை மூடிட்டு செய்யல. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துல அடிபட்டப்பதான், சப்ளையருக்கு சப்ளை பண்றவனுக்கு சப்ளை பண்றவன் யாருன்னே தெரியலன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் அந்த சப்ளையர்கள் எல்லாரையும் டேட்டாபேஸ்ல ஏத்தி, சிப் மாதிரி சட்டுன்னு கிடைக்காத பார்ட்டுக்கு மட்டும் மாசக்கணக்குல ஸ்டாக் வெக்கச் சொன்னாங்க. 2021 சிப் தட்டுப்பாட்டுல மத்தவங்க முன்னாடியே திணற, இவங்க கொஞ்ச மாசம் தாக்குப்பிடிச்சாங்க, செப்டம்பர்ல இவங்களும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிடுச்சு.

கேள்வி: பாஸ் ஏஐ ஸ்ட்ராடஜி எழுதித் தரச் சொன்னாரு. ஏஐகிட்டயே கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். தப்பா?

பதில்: தப்பில்ல. உங்க போட்டிக் கம்பெனில உங்களை மாதிரி ஒருத்தர் அதே ஏஐகிட்ட அதே கேள்வியைக் கேட்டிருப்பாரு, அவ்வளவுதான். கடைசியா வந்த 50 கஸ்டமர் கம்ப்ளெயின்ட்டை நீங்களே உக்காந்து படிச்சுட்டு ரெண்டாவது பக்கத்தை மாத்தி எழுதுங்க, பாஸ் முதல் பக்கத்தைத் தாண்டறதுக்குள்ள.