ஸ்லீப்பிங் டாக்ஸ் இப்போது வாங்கலாமா?

துப்பாக்கிச் சண்டை சலித்துவிட்டது, 2012-இல் வந்த ஸ்லீப்பிங் டாக்ஸ் வீடியோ கேம் சரிப்படுமா என்று கடலூரிலிருந்து கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள் நண்பரே. கைகலப்புதான் இதன் உயிர். அடிக்க வருபவன் சிவப்பாக ஒளிர்வான், அந்த நொடியில் தடுத்துவிட்டு, இழுத்துப் போய்க் குப்பைத்தொட்டிக்குள் தள்ளி மூடியைச் சாத்தலாம். என்ன ஒரு திருப்தி!

கதை நடப்பது ஹாங்காங் என்பதால் வண்டிகள் நம்மூர் போல இடப்பக்கம்தான். புதுச்சேரி கடலூர் ரோட்டில் பைக் ஓட்டியே பழகிய நான், வலப்பக்கம் ஓட்ட வேண்டிய ஜிடிஏ கேமில் எதிரே வரும் லாரியில்தான் முட்டுவேன்.

ஆனால் கார் பொம்மை மாதிரி லேசாக வழுக்கும். மூலையில் மாட்டினால் கேமரா படுத்தும். கதை முடிந்தபின் ஊரில் பெரிதாக வேலை இல்லை.

அப்புறம், 2014-இல் மெருகேற்றி வந்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனையே எடுங்கள். கூடுதல் கதைகளும் அதிலேயே உண்டு.