மூன்றாம் நாளே விடால் பாசிட்டிவ்: ஊசி போடலாமா?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: ஒன்பது வயது மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், லேபில் விடால் டெஸ்ட் 1:80 பாசிட்டிவ், டைபாய்டு என்று ஏழு நாள் ஊசி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் நம்பிப் போடாதீர்கள் அம்மா. விடால் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் அளக்கிறது, அது தெரியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே தெரிந்தால் பெரும்பாலும் பழைய கணக்கு, என்றைக்கோ வந்துபோன தொற்றாக இருக்கும், இல்லை தடுப்பூசியாக இருக்கும். 1:80 என்றால் ரத்தநீரை எண்பது மடங்கு நீர்க்கச் செய்தாலும் அந்த எதிர்ப்புப் பொருள் தெரிகிறது என்று அர்த்தம், நம் ஊரில் காய்ச்சலே இல்லாத பலருக்கும் அது வரும். போன மாதம் ஒருவர் மஞ்சள் பையில் நான்கு ரிப்போர்ட் கொண்டுவந்தார், ஒன்றரை வருடத்தில் நான்கு தடவை 'டைபாய்டு', நான்கிலும் அதே 1:160, ஒவ்வொரு தடவையும் ஊசி. 1896-ல் வந்த டெஸ்டை இன்னும் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

டைபாய்டுதானா என்று தெரிய பிளட் கல்ச்சர் வேண்டும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது அது, முடிவு வர இரண்டு முதல் ஐந்து நாள் ஆகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பல சின்ன ஊர்களில் இந்த வசதி இல்லை, கால் மணி நேரத்தில் முடிகிற விடால்தான் இருக்கிறது, இத்தனை வருடமாகியும் இதைச் சரிசெய்ய யாருக்கும் அவசரமில்லை.

'ஃபீவர் பேக்கேஜ்' என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர்களிடம் கவனமாக இருங்கள். பத்து டெஸ்டில் பாதி தேவையே இருக்காது, அனுப்பிவைத்தவருக்கு அதில் கமிஷன் போவதும் உண்டு. எந்த டெஸ்ட், எதற்காக என்று டாக்டர் சீட்டில் எழுதித் தரட்டும். மூன்றாம் நாளில் நான் கேட்பது ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்டும்தான்.

கல்ச்சருக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கி ஏற்கெனவே இரண்டு வேளை கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். மருந்து உள்ளே போனபின் கிருமி வளராமல் போகலாம், அப்போது கல்ச்சர் நெகட்டிவ் என்று வந்தாலும் டைபாய்டு இல்லை என்று அர்த்தமில்லை. அட்டையைப் பார்த்தால்தான் அந்த நெகட்டிவை எவ்வளவு நம்பலாம் என்று டாக்டருக்குத் தெரியும். திட்டுவாரே என்று பயந்து மறைத்து, பிள்ளைக்குச் சிகிச்சை தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

விடாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் தூங்கி விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.