பாமினியில் அடித்த வினாத்தாள்களோடு லினக்ஸுக்கு மாறலாமா?

விண்டோஸ் 10 ஓடும் உங்கள் மடிக்கணினி 11ஐ ஏற்கவில்லை, லினக்ஸுக்கு மாறினால் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள் என்னாகும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாறலாம், டீச்சர்; லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்தான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. உங்கள் மடிக்கணினி 11ஐ ஏற்காததற்குக் காரணம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய புரொசஸரும் வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் போட்ட நிபந்தனை. அதற்காக நன்றாக ஓடுகிற கணினியை ஒதுக்கிவிட்டு, இந்த விலைவாசியில் புதிதாக வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஹட்டனில் என் தட்டச்சு, போட்டோகொப்பிக் கடையில் அன்றாட வேலை முழுவதும் லினக்ஸின் ஒரு வகையான மின்டில்தான் நடக்கிறது.

ஆனால் அவசரப்பட்டு இன்றைக்கே நிறுவாதீர்கள். இப்போதுள்ள விண்டோஸிலேயே வேர்டுக்குப் பதிலான லிப்ரேஓபிஸைப் போட்டு, இந்தத் தவணைக்கான டியூஷன் வினாத்தாள்களை அதில் தயாரித்துப் பாருங்கள். படங்களுக்கு ஃபோட்டோஷொப்புக்குப் பதிலாக கிம்ப். இரண்டும் இலவசம், இரண்டும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். புது வீடும் புதுச் சமையலும் ஒரே நாளில் வேண்டாம் என்பது என் கட்சி.

இனி நீங்கள் பயப்படுகிற பாமினி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிட்ட எழுத்துருதானே அது! அந்தக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் பழைய வினாத்தாள்கள் தமிழிலேயே திறக்கும். ஆங்கில விசைப்பலகையிலேயே வழக்கம்போல் அடிக்கலாம். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. வாக்கியத்தின் முதல் எழுத்தை லிப்ரேஓபிஸ் தானாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. 'தமிழ்' என்று அடித்தால் 'துமிழ்' வந்து நிற்கும், கந்தப்பளை குந்தப்பளையாகும். டூல்ஸ் பட்டியலில் ஓட்டோகரெக்ட் பகுதிக்குப் போய் அந்த வசதிக்கு இட்டிருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு பெரிய எழுத்துகளைத் 'திருத்தும்' வசதியையும் நிறுத்துங்கள். வேர்டிலும் இதே தொல்லை உண்டு; யாரோ எப்போதோ உங்களுக்காக அதை அணைத்து வைத்திருப்பார்கள்.

புதிதாக அடிப்பதையாவது, எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடில் அடியுங்கள். பாமினியில் அடித்த பந்தியை வட்ஸ்அப்பில் ஒட்டினால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது ஆங்கிலக் குப்பைதான். மின்டின் விசைப்பலகைப் பட்டியலிலேயே தமிழ்99 என்ற யூனிகோட் தட்டச்சு முறை இருக்கிறது. பாமினியில் கொம்பை முதலில் தட்டிப் பழகிய விரல்கள், இதில் மெய்யெழுத்தை முதலில் தட்ட வேண்டியிருப்பதால் கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும். பிரதேச செயலகக் கடிதங்களுக்குச் சிங்களத்தில் விஜேசேகர விசைப்பலகையும் கிடைக்கிறது.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். வேர்டில் செய்த அட்டவணைகளும் வரைபடங்களும் சில நேரம் ஒதுங்கி நிற்கும். அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்குப் பதிலாக ஸ்கிரைபஸ் என்று ஒன்று இருக்கிறது, நல்ல மென்பொருள்தான். இருந்தும் பேஜ்மேக்கரில் செய்த பழைய கோயில் திருவிழா அறிவித்தல்களுக்காக ஒரு விண்டோஸ் கணினியை இணைய இணைப்பே கொடுக்காமல் மூலையில் வைத்திருக்கிறேன்.

நான்கு ஜிபி ரேம் என்றால் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள்; அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. கோப்பு ஏறக்குறைய மூன்று ஜிபி வரும், ஆகவே இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து இயக்கி வைஃபையையும் பிரின்டரையும் சோதியுங்கள். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் வம்பு செய்யாது. வேறு சில மலிவு லேசர் பிரின்டர்களுக்குத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவர் எடுக்க வேண்டிவரும்; அது கிடைக்காவிட்டால் நிறுவும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

நிறுவும்போது வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும். அதற்கு முன்பே வினாத்தாள்கள் அத்தனையையும் இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுத்திருக்க வேண்டும். மின்ட் எழுதும்போது பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்; அதே பென் டிரைவில் வினாத்தாள்களைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.