மீன் குட்டையில் முப்பது வகைப் பாசி: ஒன்று மட்டும் ஏன் ஜெயிப்பதில்லை?

கேள்வி: ஐயா, நாங்குநேரி பக்கம் ஒரு ஏக்கர்ல மீன் குட்டை போட்டிருக்கேன். போர் தண்ணி. குஞ்சு 2,000 விட்டதுல 1,200 கட்லா. மாசம் 25 கிலோ சூப்பர் பாஸ்பேட், 5 கிலோ யூரியா போடுதேன். தண்ணிய லேப்ல பாத்துட்டு முப்பது வகை பாசி இருக்குன்னாங்க. எல்லாம் ஒரே வெயிலையும் ஒரே உரத்தையும்தானே திங்குது, பலமான ஒண்ணு மத்ததை ஏன் அழிக்கல? குளோரெல்லாங்கிற பச்சைப் பாசிய மட்டும் ஊத்தி நிலைக்க வச்சிரலாமா? இப்போ கொஞ்ச நாளா காத்தே இல்ல. காலையில ஒரு கரையில பச்சை பெயிண்ட் மாதிரி படலம் ஒதுங்குது, விடியக்காலம் மீன் மேல வந்து வாயப் பொளக்குது.

பதில்: அண்ணாச்சி, முதலில் மீனைக் காப்பாற்றுவோம். உரம், தீவனம் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ராத்திரி 2 மணி முதல் வெயில் ஏறும்வரை ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓடட்டும். ஏரேட்டர் இல்லையென்றால் குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் எடுத்து, பலகையில் விழுந்து சிதறும்படி திரும்ப விடுங்கள். போர் குழாயை நேரே குட்டைக்குள் இறக்குவதில் பயனில்லை. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவு, சிதறி விழுந்தால்தான் ஏறும்.

அடுத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் குட்டைத் தண்ணீர் எடுத்து ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். பச்சை முழுவதும் மேலே ஏறி வளையமாக நின்றால் அது நீலப்பச்சைப் பாசி. தண்ணீர் முழுக்கப் பரவியோ அடியில் படிந்தோ நின்றால் மற்ற வகைகள். நீங்கள் சொல்லும் படலத்தைப் பார்த்தால் மேலேதான் ஏறும்.

உங்கள் கேள்வி பெரிய கேள்வி. ஒரே இரையை நம்பியிருக்கும் இரண்டு உயிரினங்களில் ஒன்று மற்றதை ஒழித்துவிடும் என்பதை ரஷ்ய அறிஞர் காஸ் 1934-இல் சோதனைக் குழாயில் காட்டினார். அப்படியிருக்க, ஒரே தண்ணீரில் இத்தனை மிதவைப் பாசிகள் எப்படி வாழ்கின்றன என்று சூழலியல் அறிஞர் ஹட்சின்சன் 1961-இல் கேட்டார். ஒன்று முழுதாக ஜெயிக்குமுன் தண்ணீரின் நிலைமை மாறி ஆட்டம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது என்பது அவர் சொன்ன முக்கியமான விடை. உங்கள் குட்டையிலேயே பாருங்கள்: காற்று வீசும் நாளும் வீசாத நாளும் ஒன்றல்ல, உரம் போட்ட மறுநாளும் பத்தாம் நாளும் ஒன்றல்ல.

இன்னொரு விடை பங்கீடு. எல்லாம் ஒரே உரத்தைத் தின்பதுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தட்டுப்பாடு வேறு. 1977-இல் சூழலியல் அறிஞர் டில்மன் இரண்டு டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) வகைகளைச் சேர்த்து வளர்த்தார். ஒன்று பாஸ்பரஸ் பஞ்சத்தைத் தாங்கும், மற்றது சிலிக்கா பஞ்சத்தைத் தாங்கும். இரண்டு சத்தும் இடைப்பட்ட விகிதத்தில் இருந்தபோது இரண்டுமே நிலைத்தன. வெளிச்சத்திலும் பச்சைப் பாசி, டயாட்டம், நீலப்பச்சை ஆகியவை வெவ்வேறு நிறக் கதிர்களைக் கூடுதலாக எடுக்கின்றன. இது போக, எது பெருகுகிறதோ அதையே வைரஸும் மொய்னா, ரோட்டிஃபர் போன்ற விலங்கு மிதவைகளும் (தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறு உயிரினங்கள்) அதிகம் தாக்கும். அதனால் முன்னே ஓடுவது பின்னுக்கு இழுக்கப்படுகிறது.

குளோரெல்லா ஊற்றினால் நிலைக்காததும் இதனால்தான். கிருமி நீக்கிய மூடிய கலத்தில்தான் அதைத் தனியாகக் காக்க முடியும். குட்டையில் சேற்றுக்குள் உறங்கும் பாசி வித்துகள் முளைத்துக்கொண்டே இருக்கும், மொய்னா இருந்தால் அதுவும் குளோரெல்லாவைத் தின்றுவிடும். அந்தக் காசுக்கு வேறு வேலை பாருங்கள்.

உங்கள் குட்டையில் இந்தச் சமநிலை மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. முதலாவது உரம். 25 கிலோ சூப்பரில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 1.75 கிலோ, 5 கிலோ யூரியாவில் நைட்ரஜன் 2.3 கிலோ. எடையில் பாசிக்குப் பாஸ்பரஸைப் போல ஏழு மடங்கு நைட்ரஜன் வேண்டும், உங்கள் உரத்தில் ஒன்றே கால் மடங்குதான். தீவனக் கழிவிலிருந்து கொஞ்சம் சேர்ந்தாலும் போதாது. நைட்ரஜன் பஞ்சத்தில் காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும் அனபீனா போன்ற நீலப்பச்சைக்கு மட்டும் கொண்டாட்டம். இரண்டாவது கட்லா. அது விரும்பித் தின்பதே விலங்கு மிதவையைத்தான். 1,200 கட்லா மேய்ந்தால் பாசியைத் தின்ன மொய்னா மிஞ்சாது. மூன்றாவது காற்று. ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்றாலையைச் சுழற்றும் காற்றுதான் கனமான டயாட்டத்தை அடியில் படியவிடாமல் கலக்குகிறது. காற்று நின்றால் டயாட்டம் மூழ்கும், உடலில் வாயுப் பை உள்ள நீலப்பச்சை மேலே மிதந்து வெளிச்சத்தை மறைக்கும்.

இனி செய்ய வேண்டியது. படலம் ஒதுங்கும் கரையில் விடிந்ததும் பழைய வேட்டித் துணியால் அதை இழுத்து அள்ளுங்கள். கையுறை போடுங்கள், தோல் அரிக்கும். அந்தப் பக்கமே மேல்மட்டத் தண்ணீரில் கால் பங்கை வெளியேற்றி, போர் தண்ணீரைச் சிதறவிட்டு நிரப்புங்கள். மதியத்திலும் ஒரு மணி நேரம் ஏரேட்டர் ஓட்டினால் தண்ணீர் புரண்டு டயாட்டத்துக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

தண்ணீரில் பாசி எவ்வளவு என்று அறிய, 20 செ.மீ. அகலத் தட்டில் கறுப்பும் வெள்ளையும் நான்கு கால்பாகமாக அடித்து, அளவு குறித்த கயிற்றில் கட்டி, காலை 10 மணிக்கு மேல் இறக்குங்கள். 20 செ.மீ. ஆழத்துக்குள் தட்டு மறைந்தால் உரம் கூடாது. 30 முதல் 40 நல்ல அளவு. 50-ஐத் தாண்டினால் மறுபடி உரம் போடலாம்: மாதம் யூரியா 7 கிலோ, சூப்பர் 10 கிலோ, இரண்டு தவணையாக, ஊறவைத்த தண்ணீராகத் தெளித்து. ஒரே நாளில் கொட்டினால் அந்த வாரம் வேகமாக வளரும் ஒரு வகைக்கே போய்ச் சேரும். தண்ணீரின் பி.ஹெச். (அமில, கார அளவு) 8.5-க்கு மேல் இருக்கும்போது சுட்ட சுண்ணாம்பு போடாதீர்கள், இன்னும் ஏறி அம்மோனியா விஷமாகும்.

அடுத்த முறை கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600 விடுங்கள். இப்போது இருப்பதில் விற்கும் எடைக்கு வந்த கட்லாவை முதலில் பிடித்துவிடுங்கள்.

படலத்தின்மேல் மயில்துத்தம் தெளிக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். மொத்தமாகச் செத்த பாசி அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடும், உள்ளிருக்கும் நச்சும் தண்ணீரில் கலக்கும். அள்ளிய பாசியைக் கரையில் போடாமல் குழியில் மூடுங்கள். படலம் தெளியும்வரை ஆடு, மாட்டை அந்தத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.